மீன் செத்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்

வாசகர் கேள்வி – பதில்

நச்சுச் சோதனைக்குப் பயன்படும் சின்ன மீன்களைப் பற்றிக் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. கல்லூரி, ஆலை ஆய்வகம், பள்ளி எனப் பல இடங்களிலிருந்தும் வந்தவற்றில் பொதுவாகப் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எல்லோரும் ஜீப்ரா மீனையே சொல்கிறார்கள். கப்பி மலிவு, எங்கும் கிடைக்கிறது. அதை ஏன் எடுக்கக் கூடாது? ஜீப்ராதான் வேண்டுமென்றால் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கினால் போதுமா?
(விலங்கியல் முதுகலை மாணவி, திருநெல்வேலி)

வளர்ந்த மீனை நச்சு நீரில் விட்டு எத்தனை சாகின்றன என்று பார்க்கும் 96 மணி நேரச் சோதனை மட்டும் செய்வதானால் கப்பி தாராளமாகப் போதும். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் 203ஆம் சோதனை வழிகாட்டி 1992இல் தந்த பட்டியலில் கப்பியும் உண்டு, ஜப்பானியரின் மெடாக்காவும் உண்டு, சாதாரணக் கெண்டையும் உண்டு. ஜீப்ராவின் மவுசு முட்டையில் இருக்கிறது. கப்பி குட்டி போடும். கரு தாயின் வயிற்றுக்குள் இருப்பதால் பார்க்க வழியில்லை. மெடாக்கா முட்டை இடும், ஆனால் முட்டைகள் நார்களால் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஜீப்ரா முட்டை தனித்தனியாக உதிரும், கண்ணாடி போலிருக்கும், இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குவதை ஓட்டுக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். மூன்று மாதத்தில் அதுவே முட்டை இடும் பருவத்துக்கு வந்துவிடும்.

கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்து மீன் இது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதற்கு அறிவியல் பெயர் தந்தார். அதை உலக ஆய்வகங்களுக்குள் கொண்டுபோனவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். நம் நாட்டு மீன், வெளிநாடு போய்ப் பெயர் வாங்கித் திரும்பியிருக்கிறது.

கடையில் வாங்கலாம், ஆனால் வாங்கிய வாரமே சோதனையில் இறக்கக் கூடாது. உடலில் புள்ளியுள்ள 'லெப்பர்ட் டேனியோ'வும் இதே இனம்தான், ஒரு மரபணு மாற்றத்தால் கோடு புள்ளியாகிவிட்டது. ஒரே சோதனையில் இரண்டையும் கலக்காதீர்கள். விளக்கொளியில் மின்னும் சிவப்பு, பச்சை வகைகள் அயல் மரபணு ஏற்றியவை; அவை வேண்டவே வேண்டாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "கடைசியாக என்ன மருந்து போட்டீர்கள், எப்போது?" என்பதுதான். சோதனைக்கு முந்தைய இரண்டு வாரமும் மீன் எந்த மருந்தும் கண்டிருக்கக் கூடாது.

குறைந்தது 12 நாள் பழக்குங்கள். அதில் கடைசி 7 நாள், சோதனையில் பயன்படுத்தப்போகும் அதே வகைத் தண்ணீரில். முதல் 48 மணி நேரத்தில் சாவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பயணக் களைப்பு அது. அதன் பிறகு வரும் 7 நாளில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகச் செத்தால் அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 5 முதல் 10 என்றால் இன்னும் ஒரு வாரம் பழக்க வேண்டும். 10ஐத் தாண்டினால் முழுக் கூட்டத்தையும் ஒதுக்கிவிடுங்கள். 'மிச்சம் இருப்பவை நன்றாகத்தானே நீந்துகின்றன' என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள்.

கேள்வி: சுத்திகரித்த கழிவுநீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி. (கழிவுப் பொருள் உண்ணும் ஆக்சிஜனின் அளவுகள்), அம்மோனியா எல்லாம் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் மீன் சோதனையில் பத்துக்கு ஏழு மறுநாள் காலைக்குள் மிதக்கின்றன. சாயத்தில் ஏதோ விஷம் இருக்கிறது என்று மேலாளர் சொல்கிறார். அப்படியா?
(ஆய்வக ஊழியர், திருப்பூர்)

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாயத்தைப் பிடிக்கும் முன் பி.எச். மீட்டரைப் பாருங்கள்.

இந்தியாவின் பொதுக் கழிவுநீர்த் தரம் கேட்பது இது: கலப்பில்லாத 100 விழுக்காடு கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன் உயிரோடிருக்க வேண்டும். பத்து மீன் விட்டால் ஒன்றுக்கு மேல் சாகக் கூடாது. இதே பட்டியலில், உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கு அம்மோனியா நைட்ரஜன் வரம்பு லிட்டருக்கு 50 மி.கி., தனி அம்மோனியா வரம்பு 5 மி.கி. சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். அம்மோனியம் அயனி செவுளுக்குள் எளிதில் புகாது. தனி அம்மோனியா புகுந்துவிடும். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் மட்டுமே தனி அம்மோனியா. பி.எச். 8இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

உங்கள் கழிவுநீரில் 40 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரி எடுத்தபோது பி.எச். 7.2. தனி அம்மோனியா லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 மி.கி., மீன் தாங்கும். பிறகு தொட்டியில் ஊற்றி ஏரேட்டரைப் போடுகிறீர்கள். காற்றுக் குமிழி கரைந்திருந்த கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வாயு போகப் போக பி.எச். ஏறும். விடியற்காலை அது 8.2 என்றால் தனி அம்மோனியா 4 மி.கி.! இரண்டு வரம்புக்கும் உள்ளேதான் இருக்கிறது, அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்றுதான் வரும். ஆனால் 1 முதல் 2 மி.கி. அளவிலேயே பல சிறு மீன்கள் செத்துப்போகும். மீனுக்கு மூச்சு கொடுக்கப் போட்ட ஏரேட்டரே எமனாகிவிட்டது.

ஏரேட்டரை நிறுத்திவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பி.ஓ.டி. மிச்சமுள்ள நீரில் இரவு முழுக்க நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்னும். 25 டிகிரியில் நிறைசெறிவு லிட்டருக்கு 8.3 மி.கி.; அதில் 60 விழுக்காடு, அதாவது 5 மி.கி.க்குக் கீழே இறங்கினால் சோதனையே செல்லாது. மெல்லிய குமிழி விடுங்கள், நொடிக்கு ஒன்றிரண்டு போதும். ஆக்சிஜன், பி.எச்., வெப்பம் மூன்றையும் காலை, மாலை இரு வேளையும் எழுதி வையுங்கள். மீன்கள் இரவில் சாகும்போது நள்ளிரவு அளவு ஒன்று கையில் இருந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி.

அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் ஒரே மாதிரியை ஆறு பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை அப்படியே விடுங்கள். இரண்டாவதை 96 மணி நேரமும் பி.எச். 6.5இல் பிடித்து நிறுத்துங்கள். இதில் மீன் பிழைத்தால் அம்மோனியா மீது பிடி இறுகுகிறது. மூன்றாவதை அம்மோனியாவை ஈர்க்கும் ஜியோலைட் வழியாகச் செலுத்துங்கள். இதிலும் பிழைத்தால் வழக்கு முடிந்தது. நான்காவதில் சோடியம் தயோசல்பேட், பிழைத்தால் குளோரின். ஐந்தாவதில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.; பிழைத்தால் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகம். ஆறாவதைக் கிளர்வூட்டிய கரி வழியாக வடியுங்கள்; இதில் மட்டும் பிழைத்தால்தான் மேலாளர் சொல்லும் சாயத்தின் முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அதே சிகிச்சை தந்த நல்ல தண்ணீரில் ஒப்பீட்டுக்காக ஒரு கன்ட்ரோல் வையுங்கள். ஈ.டி.டி.ஏ. அளவு மீறினால் கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு தானே மீனைக் கொல்லும்.

ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கும் உப்புக் கழிவு கலந்திருந்தால் மின்கடத்துதிறனையும் பார்த்துவிடுங்கள். உப்புச் சாவும் உண்டு.

இன்னொன்று: பத்து மீனை ஒரு லிட்டர் பீக்கரில் விடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். மீன் ஒன்று 0.3 கிராம் என்றால் பத்துக்கு 3 கிராம். லிட்டருக்கு 0.8 கிராமுக்கு மேல் போகாமலிருக்க 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். நெருக்கினால் மீன்கள் தாமே கழிக்கும் அம்மோனியாவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். சோதனைக்கு 24 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: மாதிரியை நீர்க்கச் செய்யும் தண்ணீராக மாநகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்தலாமா? இரண்டு நாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்களே?
(இளநிலை ஆய்வாளர், மதுரை)

வளர்ப்புத் தொட்டிக்கு அது சரி. தயோசல்பேட்டும் போடலாம்: 1 மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. படிகம். லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரினுள்ள 100 லிட்டருக்கு 350 மி.கி. ஆகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருந்தால் மட்டும் வெயிலை நம்பாதீர்கள். தயோசல்பேட்டும் குளோரினை முறித்துவிட்டு அம்மோனியாவை மிச்சம் வைக்கும்.

சோதனைக்கு மட்டும் தண்ணீரை நீங்களே செய்யுங்கள். நான்கு ஸ்டாக் கரைசல், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் அயனி நீக்கிய நீரில்: கால்சியம் குளோரைடு (இரு நீர்) 11.76 கிராம், மெக்னீசியம் சல்பேட் (எழு நீர்) 4.93 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.59 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.23 கிராம். ஒவ்வொன்றிலும் 25 மி.லி. எடுத்து மொத்தம் ஒரு லிட்டராக்கினால் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 250 மி.கி. வரும். பாதிப் பாத்திரம் அயனி நீக்கிய நீரை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வெறும் பாத்திரத்தில் கால்சியம் ஸ்டாக்கையும் பைகார்பனேட் ஸ்டாக்கையும் அடுத்தடுத்து ஊற்றினால் சுண்ணாம்பு மாதிரி கலங்கும். கலங்கியதைக் கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பயனில்லை. கடைசியில் ஓர் இரவு காற்றூட்டி பி.எச். 7.8 அருகே நிற்கிறதா என்று பாருங்கள்.

உலோகச் சோதனை செய்கிறவர்கள் இந்தக் கடினத்தன்மை எண்ணை முடிவோடு சேர்த்தே எழுத வேண்டும். கடின நீரில் கால்சியம் செவுளைக் காக்கும். மென்னீரில் அதே செம்பு பல மடங்கு கொல்லும். பித்தளைக் குழாயும் செம்புக் குழாயும் இந்த அறைக்குள் வரவே கூடாது.

கேள்வி: கரு சோதனையில் கன்ட்ரோல் முட்டைகளே வெள்ளையாகிவிடுகின்றன. மூன்று முறை செய்தும் அதே கதை. எங்கே தவறு?
(ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்)

முறையை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்போம், தவறு தானே தட்டுப்படும்.

மாலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் வீதம் முட்டைத் தொட்டியில் விடுங்கள். அடியில் வலை கட்டாயம், இல்லையென்றால் இட்ட முட்டையைப் பெற்றோரே தின்றுவிடும். 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. இருட்டில் யாரும் கதவைத் திறந்து விளக்கைப் போடக் கூடாது. காலையில் விளக்கு எரிந்த அரை மணியில் முட்டை விழத் தொடங்கும். அன்றாடம் முட்டை வாங்கினால் தரம் குறையும். அந்த மீன்களுக்கு வாரம் ஒரு முறை போதும்.

முட்டையை வலையில் சேகரித்துச் சோதனை நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சாதாரண பிப்பெட் நுனி அதை நசுக்கும். பிளாஸ்டிக் துளிப்பானின் நுனியை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் 30 மடங்கில் பாருங்கள். நல்ல கருவில் செல்கள் சம அளவில், பூ இதழ் அடுக்கியது போல வரிசையாக நிற்கும். ஒன்றரை மணியில் 16 செல். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றிருந்தால், ஓட்டில் கீறல் தெரிந்தால், தயங்காமல் ஒதுக்குங்கள். பிரிவே நடக்காதது கருவுறாத முட்டை, சில மணியில் வெள்ளையாகப் போவது அதுதான். உங்கள் கன்ட்ரோலில் வெள்ளையாவதில் பெரும்பங்கு இப்படித் தேர்வில் தப்பியவையாக இருக்கக்கூடும். 24 மணி நேரத்துக்குள் நடக்கிறதா, பிறகா என்று பாருங்கள். முதல் நாள் சாவு முட்டைத் தரம், நுனியின் நசுக்கல். மூன்றாம் நாள் சாவு தண்ணீர், பூஞ்சை, வெப்பம்.

கூட்டத்தில் 70 விழுக்காடாவது கருவுற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய சோதனையைத் தள்ளிவையுங்கள். ஒன்றரை மணிக்குள் முட்டை சோதனைக் கரைசலைத் தொட்டிருக்க வேண்டும், மூன்று மணிக்குள் தட்டில் இருக்க வேண்டும். 24 குழித் தட்டில் குழிக்கு 2 மி.லி., ஒரு முட்டை. 20 குழியில் மருந்து, மீதி 4 குழியில் வெறும் சோதனை நீர். இந்த நான்கில் ஒன்றுக்கு மேல் செத்தால் தட்டையே தள்ளுங்கள். ஐந்து செறிவுக்கு ஐந்து தட்டு, வெறும் நீருக்கு ஒன்று, முட்டைகளின் உணர்திறனைச் சரிபார்க்க, லிட்டருக்கு 4 மி.கி. 3,4-டைகுளோரோஅனிலின் என்ற நச்சு கொண்டு ஒன்று. இந்தக் கடைசித் தட்டில் 96 மணி நேரத்தில் 30 விழுக்காடாவது சாக வேண்டும். சாகவில்லை என்றால் உங்கள் முட்டைகள் மந்தமானவை, அல்லது கரைசல் பழையது.

இன்குபேட்டர் 26 டிகிரி, ஒரு டிகிரி ஏற்ற இறக்கம் மட்டும். அது 24க்கு இறங்கினால் கரு சாகாது, ஆனால் பொரிப்பது தள்ளிப்போகும். நான்காம் நாள் முடிவில் கன்ட்ரோலில் 80 விழுக்காடு பொரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் தோற்பீர்கள். தட்டை மூடி ஓரம் ஒட்டுங்கள், வெளிவரிசைக் குழிகளில் நீர் ஆவியாகிச் செறிவு ஏறும்.

தினமும் நான்கே கேள்விகள்: முட்டை பால் திரிந்தது போல வெள்ளையாகிவிட்டதா? உடற்கண்டங்கள் தோன்றவில்லையா? வால் மொட்டு மஞ்சட்கருவை விட்டுப் பிரியவில்லையா? 48 மணிக்குப் பிறகு இதயம் துடிக்கவில்லையா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அது செத்த கணக்கு. இதயத்தை 80 மடங்கில் முழுதாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் துடிப்பு இல்லை என்று எழுத வேண்டும். வெள்ளையானதை அன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: கன்ட்ரோலுக்கு 'டபுள் டிஸ்டில்டு வாட்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உப்பே கிடையாது. மேலே சொன்ன நான்கு உப்புக் கரைசலுக்கு மாறிப் பாருங்கள்.

எண்ணெய்ப் பசையுள்ள பொருள் என்றால் பிளாஸ்டிக் தட்டு அதை உறிஞ்சும். அதே கரைசலை ஊற்றி 24 மணி நேரம் வைத்திருந்து, கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பொருளைக் கரைக்க உதவும் டி.எம்.எஸ்.ஓ. லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டாலும் அதற்கென்று தனி கன்ட்ரோல் தட்டு உண்டு.

கேள்வி: பூஞ்சை வராமலிருக்க மெத்திலீன் நீலம் சொட்டலாமா?
(அதே ஊர், இன்னொரு மாணவர்)

இனப்பெருக்கத் தொட்டி முட்டைக்குச் சொட்டலாம். சோதனைத் தட்டில் கூடாது. பிறகு இரண்டு வேதிப்பொருளைச் சோதித்ததாக எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: 6.25, 12.5, 25, 50, 100 விழுக்காடு கழிவுநீரில் பத்துப் பத்து மீன் விட்டேன். 12.5 வரை ஒன்றும் சாகவில்லை, 25இலிருந்து எல்லாம் செத்தன. புரோபிட் மென்பொருள் கணக்கிட மறுக்கிறது.
(தனியார் ஆய்வகப் பகுப்பாளர், ராணிப்பேட்டை)

மென்பொருள் நியாயமாகத்தான் மறுக்கிறது. செறிவு ஏற ஏறச் சாவு எப்படி ஏறுகிறது என்று காட்டும் புரோபிட் கோடு வரைய இடையில் பகுதிச் சாவுள்ள செறிவு குறைந்தது இரண்டாவது வேண்டும். உங்களிடம் ஒன்றுகூட இல்லை. 0 சாவுள்ள உச்சச் செறிவையும் 100 சாவுள்ள தாழ்ந்த செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 12.5 × 25 = 312.5, வர்க்கமூலம் 17.7. எல்.சி.50, அதாவது பாதி மீன்களைக் கொல்லும் செறிவு, 17.7 விழுக்காடு, எல்லைகள் 12.5உம் 25உம். நச்சலகு வேண்டுமென்றால் 100ஐ 17.7ஆல் வகுங்கள், 5.6 வரும். இதைச் செய்யாமல் நடுவில் ஒரு மீனைக் கூட்டிக் குறைத்து மென்பொருளை ஏமாற்றுகிறவர்களும் உண்டு என்பதால் சொல்கிறோம், இந்த எளிய கணக்கு அறிக்கைக்குப் போதுமானது.

அடுத்த முறை செறிவுக்கு இரண்டு மூன்று மீன் மட்டும் வைத்து எல்லையைக் கண்டுபிடித்துவிட்டு, அந்த இடைவெளியை உள்ளடக்கும்படி 1.3 மடங்கில் நெருக்கமாக ஐந்து செறிவு வையுங்கள்.

தனிப் பொருளைச் சோதிக்கிறவர்கள் கரைசலின் செறிவைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். போட்ட அளவிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் எல்.சி.50ஐ அளந்த செறிவில்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மீனுக்கு ஆகாதது மனிதனுக்கும் ஆகாதா? நுரையீரலே இல்லாத உயிர் அல்லவா?
(ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தஞ்சாவூர்)

நுரையீரல் இல்லை, நஞ்சுக்கொடி இல்லை, இதயத்துக்கு இரண்டே அறை. மருந்தும் வாய் வழியாகக் கிலோவுக்கு இத்தனை என்று போவதில்லை; குளிக்கும் நீரிலிருந்து ஓடு, தோல், செவுள் வழியே புகுகிறது. ஆகவே மீனின் எல்.சி.50ஐ மனித அளவாக மாற்றும் வாய்பாடு எதுவும் கிடையாது. ஆனால் மனித மரபணுக்களில் 70 விழுக்காட்டுக்கு ஜீப்ராவில் இணை உண்டு என்று 2013இல் அதன் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது தெரிந்தது. எந்த உறுப்பு, எந்தப் பாதையில் கெடுகிறது என்று கேட்டால் மீன் பதில் சொல்லும்.

தாலிடோமைடை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. சுண்டெலியும் எலியும் அந்தக் குறையைக் காட்டவில்லை. அந்த மருந்து உடலில் செரிப்ளான் என்ற புரதத்தைப் பற்றுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டியபோது, சாட்சி சொன்ன உயிர்களில் ஜீப்ரா கருவும் ஒன்று. அதன் மார்புத் துடுப்பு வளராமல் நின்றது.

மறுபக்கமும் உண்டு. பெரிய மூலக்கூறுகள், மூலக்கூறு எடை ஏறத்தாழ 3,000 டால்டனுக்கு மேல், முட்டை ஓட்டின் நுண்துளையில் சிக்கிக்கொள்ளும். கரு நலமாக இருக்கும், நாம் மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம். உண்மையில் மருந்து உள்ளேயே போயிருக்காது.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்குப் பூச்சிமருந்தில் மீன் வைத்துக் காட்டலாமா?
(பள்ளி ஆசிரியை, தருமபுரி)

வேண்டாம். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதன் அல்லாத எந்த உயிரும்தான், மீனும் அதில் அடக்கம். வேறு வழியில் கற்பிக்க முடிந்தால் உயிரில் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சின்ன வெங்காயத்தை எடுங்கள். அடித்தட்டின் காய்ந்த வேரைச் சுரண்டி, அடி மட்டும் நீரைத் தொடும்படி குப்பி வாயில் உட்கார வையுங்கள். நல்ல நீரில் ஐந்து, நீர்த்த கரைசல்கள் ஒவ்வொன்றிலும் ஐந்து. மூன்று நான்கு நாளில் வேர் நீளத்தை அளவுகோலால் அளந்து வரைபடம் போடலாம். பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்துப் பாட்டிலைக் கொடுக்காதீர்கள், செம்பு சல்பேட் கரைசலை நீங்களே கலந்து கொடுங்கள்.

கேள்வி: சோதனையில் பிழைத்த மீனை மறுபடி தொட்டியில் விடலாமா? குளத்தில்?
(ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்)

இரண்டும் கூடாது. மருந்தைக் கண்ட மீன் அடுத்த சோதனைக்குப் பொய் சாட்சி, குளத்துக்கோ நோய் கொண்டுபோகும். அவற்றை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும்: மீன் மயக்க மருந்தான எம்.எஸ்.222ஐ லிட்டருக்கு 250 முதல் 500 மி.கி. கரைத்து, சோடியம் பைகார்பனேட்டால் பி.எச். 7 – 7.5க்குக் கொண்டுவந்த பிறகே மீனை இறக்குங்கள். பஃபர் செய்யாத கரைசல் அமிலமாக இருக்கும், மீன் துடிக்கும். செவுள்மூடி அசைவு நின்ற பின்னும் பத்து நிமிடம் அதிலேயே இருக்கட்டும். எண்ணிக்கையை நெறிமுறைக் குழுவின் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். மிச்சக் கரைசலைத் தொட்டிச் சாக்கடையில் ஊற்றாமல் ஆய்வகக் கழிவுக் கலத்தில் சேருங்கள்.